மூன்றாவது காய்ச்சல்

சாராள் டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு வந்த வேகத்தைப் பார்த்தால், யார் மீதோ புகார் கொடுக்க வருகிறவர் போலத்தான் இருந்தது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“ஜோவிதா, எங்க வீட்டுக்குள்ள ஒரு கிருமி வருது. யார் கொண்டு வர்றாங்கன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்.”

ஜோவிதா உணவுப் பாதுகாப்புத் துறையில் அதிகாரியாக இருந்தவர். பல்லாவரத்திலிருந்து மேடவாக்கம் வரை அவர் எட்டிப் பார்க்காத ஓட்டல் சமையலறை கிடையாது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சிட்லபாக்கத்து வீட்டில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தார். ஊர் விடவில்லை. எங்காவது கல்யாணச் சாப்பாட்டில் பத்துப் பேருக்கு வயிறு கெட்டுப்போனால், எந்தப் பாத்திரத்தில் ஆரம்பித்தது என்று கேட்டுக்கொண்டு இவரிடம்தான் வருகிறார்கள்.

அவருடைய கணவர் ஜெர்சனுக்கு வங்கியில் வேலை, மனசெல்லாம் மனைவியின் வேலையில். உலகத்தில் ஒரு காரியம் தானாகத் தவறிப்போகலாம் என்பதை ஜெர்சன் ஒப்புக்கொள்வதே இல்லை. எதற்கும் ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும். டீச்சரின் குரல் கேட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

“முதல்ல தண்ணி குடிங்க டீச்சர். அண்ணா எப்படி இருக்காங்க?” என்றார் ஜோவிதா. மூவரும் தாம்பரத்தில் ஒரே சபைக்குப் போகிறவர்கள். டீச்சரின் கணவர் ஏசுதாசனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதும், டீச்சர் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்ததும் சபையில் எல்லாருக்கும் தெரியும்.

“என் கிட்னியை அவருக்கு வெச்சு ரெண்டு வருஷம் ஆகப்போகுது. உடம்பு அதைத் தள்ளிவிடாம இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கற மாத்திரை தினமும் சாப்பிடறார். அதனால நமக்கெல்லாம் ஒண்ணும் செய்யாத கிருமிகூட அவரைப் படுக்க வெச்சிடும். இது எனக்குத் தெரியாதா? தண்ணியைக் காய்ச்சித்தான் குடுக்கறேன். பாக்கெட் பாலையே மறுபடி மறுபடி பொங்க வைக்கறேன். போன கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கறி, கோழி எதுவும் எங்க வாசப்படி ஏறல. அப்படியும் மூணு தடவை காய்ச்சல்!”

“என்ன கிருமின்னு சொன்னாங்களா?”

“கேம்பிலோபாக்டர். கோழிக்கறியிலிருந்து வந்து வயித்தைக் கலக்கிட்டுப் போற சாதாரண ரகம் இல்லையாம். இது ஆடு மாடு வயித்துல இருக்கற ரகம். மனுஷங்களுக்கு எப்பவோ ஒருத்தருக்குத்தான் வருமாம். எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்ககிட்ட வந்தா நேரா ரத்தத்துல போய் உக்காந்துக்குமாம்.”

ஜெர்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “ஆடே வராத வீட்டுக்குள்ள ஆட்டுக் கிருமி! ஜோ, இது பூட்டின அறைக்குள்ள திருட்டு நடந்த மாதிரி இருக்கே.”

டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. “செவ்வாய்க்கிழமை ஸ்ரீவித்யா டாக்டரைப் பார்க்கணும். இப்படி வெளியிலிருந்து புதுசு புதுசா வந்துகிட்டே இருந்தா, எதிர்ப்புச் சக்தியை அடக்கற மாத்திரையைக் குறைக்கறதைத் தவிர வேற வழியில்லைன்னு சொல்லிட்டாங்க. குறைச்சா கிட்னி போனாலும் போயிடும். மறுபடி டயாலிசிஸ்.” அதுவரை விறைப்பாக இருந்த குரல் அங்கே உடைந்தது. “குடுக்கறதுக்கு என்கிட்ட இன்னொண்ணு இல்ல, ஜோவிதா.”

ஜோவிதா தண்ணீர் டம்ளரை மறுபடி அவர் கையில் கொடுத்தார். பிறகு, “நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?” என்று கேட்டார்.

அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் டீச்சர். “ரெண்டாவது காய்ச்சலுக்கு முந்தின நாள் மீன்கார பொன்னிகிட்ட சங்கரா வாங்கினேன். மூணாவது காய்ச்சலப்போ என் மருமக ஜெரூஷா மாடியில உக்காந்து பிரியாணி வரவழைச்சுச் சாப்பிட்டிருக்கா. மாமாவுக்குக் குடுக்கவே இல்லைங்கறா. ரெண்டு வார்த்தை கேட்டேன், கோவிச்சுக்கிட்டு பொழிச்சலூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. என் பையன் எபி எங்கிட்ட சரியா பேசறதே இல்ல.”

“முதல் காய்ச்சலுக்கு முன்னாடி?”

“அது போன கிறிஸ்துமஸ் சமயம். பழைய கதை. கறியெல்லாம் குக்கர்ல நல்லா வேக வெச்சுத்தான் குடுத்தேன். பச்சைப் பால், வேகாத கறி எதாவது சாப்பிட்டாரான்னு டாக்டரும் அப்பவே கேட்டாங்க. கிடையவே கிடையாதுன்னு சொன்னேன்.”

*

சனிக்கிழமை காலை ஜோவிதா ஸ்கூட்டரை ஓட்ட, ஜெர்சன் பின்னால் உட்கார்ந்து தன் யூகங்களை அவர் காதில் ஊதிக்கொண்டே கீழ்க்கட்டளையில் இருந்த டீச்சர் வீட்டுக்கு வந்தார். நேமிலிச்சேரி வருவதற்குள் பொன்னியைக் குற்றவாளியாக்கி விடுதலையும் செய்துவிட்டார்.

ஏசுதாசன் முகக்கவசத்தோடு ஹாலில் இருந்தார். விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆள் மெலிந்திருந்தாலும் பேச்சில் பழைய குறும்பு அப்படியே இருந்தது. “வாங்க, வாங்க. நான் தின்னது எதுன்னு கண்டுபிடிக்க வந்தீங்களா, என்னைத் தின்னது யாருன்னு கண்டுபிடிக்க வந்தீங்களா?” என்றார்.

டீச்சர் வந்து அவர் உள்ளங்கையில் சில மாத்திரைகளை வைத்தார். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

“இதெல்லாம் என்ன மாத்திரை அண்ணா?” என்று ஜோவிதா கேட்டார்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? அது அவ டிபார்ட்மெண்ட். அவ குடுத்தா முழுங்குவேன். கிட்னியையே குடுத்தவ, கேள்வி கேக்க முடியுமா?”

“ரத்தம் குறைச்சலா இருந்ததுன்னு சர்ச்சுல ஒருதடவை ஜெபத்துக்குச் சொன்னாங்களே, இப்போ பரவாயில்லையா?”

“அது போன வருஷம். ரொம்பக் குறைஞ்சு, வெளிறிப்போயிருந்தேன். சாராள்தான் தேத்தி எடுத்தா.”

டீச்சரின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. “இப்போ காய்ச்சலும் விட்டாச்சு. இனிமே காய்ச்சல் மாத்திரையும் குறையும், கிட்னிக்கும் கொஞ்சம் நிம்மதி,” என்றார்.

சமையலறையைப் பார்த்து ஜோவிதாவே அசந்துபோனார். அவர் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு சமையலறைக்கு நோட்டீஸ் கொடுக்கக் காரணம் தேடியிருந்தால் தோற்றுத்தான் போயிருப்பார். ஏசுதாசனுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கத்தி, தனித் துணி. குப்பைக்கூடைக்குக்கூட மூடி இருந்தது. சுவரில் வரிசையாகக் கரண்டிகள் தொங்கின. கடைசி ஆணியில் ஒரு பழைய குடைக் கம்பி. அதன் ஒரு முனை கரிந்து கறுத்திருந்தது.

“பூட்டைத் திறக்கற கம்பி!” என்று ஜெர்சன் கிசுகிசுத்தார்.

“நெருப்புல காட்டியா பூட்டைத் திறப்பாங்க?” என்றார் ஜோவிதா. கம்பியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அதே ஆணியில் மாட்டினார்.

கிளம்பும்போது டீச்சர் ஒரு துணிப்பையை நீட்டினார். “நம்ம சபை மருத்துவ முகாமுக்கு. இவருக்கு மீந்துபோன மருந்து மாத்திரை எல்லாம் சேர்த்து வெச்சிருக்கேன். காசு போட்டு வாங்கினது, வீணாக்கக் கூடாதில்ல. நாளைக்கு சர்ச்சுக்குப் போகும்போது குடுத்துடுங்க.” பாதி இருமல் மருந்து, ஒரு களிம்பு, சுற்றிய பேண்டேஜ், மாத்திரை அட்டைகள் என்று பை புடைத்திருந்தது. சில அட்டைகளில் ஒரு குமிழ்கூட உடைபடவில்லை. ஜெர்சன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அது அவர் மடியில்தான் இருந்தது. பாவம், அவர் பொன்னியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பொன்னி தெருமுனையில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கோவளத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர். வெயில் ஏறியும் கூடையில் பாதிக்கு மேல் மீன் கிடந்தது.

“இன்னாமா பண்றது?” என்றார் அவர். “எத்தினி வருசமா இந்தத் தெருவுக்கு மீன் குத்துகினு கீறேன். டீச்சரம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க, இப்போ ஒருத்தரும் கூடைய எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்றாங்க. ஒரே பேஜாரா கீது. அன்னிக்கு அவங்களுக்குக் குத்த அதே சங்கராவத்தான் என் வூட்லயும் கொழம்பு வெச்சேன். என் புருசன் கல்லு மாதிரி கீறாரு.”

“டீச்சர் முன்னாடி கறி வாங்குவாங்களா பொன்னி?”

“வாங்காம? சாருக்கு மொத காய்ச்சல் வர்ற வரைக்கும், ஞாயித்துக்கெழமைன்னா பாய் கடையில மொத ஆளு அவங்கதான். நேரமானா நல்ல பாகமெல்லாம் போயிடும்னு ஓடுவாங்க. அப்பால சுத்தமா நிறுத்திட்டாங்க.”

பொழிச்சலூரில் ஜெரூஷாவின் அம்மா வீட்டுக்கு மேலே விமானம் தாழப் பறந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. சத்தம் அடங்கியதும் ஜெரூஷா முதலில் கேட்டது, “மாமா ஒழுங்கா சாப்பிடறாங்களா ஆன்ட்டி?” என்பதுதான்.

“சாப்பிடறாங்க. அந்த பிரியாணி விஷயம் என்னம்மா?”

“ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு, பசிச்சது, ஆர்டர் பண்ணேன். அத்தைக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு மாடியிலேயே சாப்பிட்டுட்டு டப்பாவை வெளியில கொண்டுபோய்ப் போட்டேன். தப்புதான். ஆனா மாமா மாடி ஏறவே மாட்டாங்க. அதுவும் இல்லாம, அதுக்கு முந்தின நாளே மாமா எங்கிட்ட போர்வை கேட்டாங்க, குளிருதுன்னு. காய்ச்சல் அப்பவே ஆரம்பிச்சிடுச்சு. சொன்னேன், யாரும் காதுல வாங்கல.” ஜெரூஷா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மாமாவுக்கு நானே விஷம் வெச்ச மாதிரி அத்தை பாத்தாங்க. அதைத்தான் தாங்க முடியல.”

*

அன்று மாலை ஜெர்சன் புதிதாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். “ஏசுதாசன் அண்ணன்தான் ஜோ. டீச்சர் தூங்கும்போது நைஸா வெளியில போய் தள்ளுவண்டியில எதையோ சாப்பிடறார். நான் ஆம்பளை, எனக்குத் தெரியும்.”

ஜோவிதா பதில் சொல்லாமல் முகாமுக்கான பையை மேசையில் கவிழ்த்தார். காலாவதி தேதி பார்க்காமல் எதையும் கைமாற்றி விடுவது அவருக்கு ஆகாது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், சில அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார். வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் ஸ்ரீவித்யாவுக்குப் போன் செய்தார். ஏசுதாசன் குடும்பம் முன்பே சொல்லி வைத்திருந்ததால் டாக்டர் தயங்காமல் பேசினார்.

“டாக்டர், மூணு தடவையும் அதே கிருமிதானா?”

“அச்சு அசலா அதே. எந்த மருந்துக்கு அடங்குது, எதுக்கு அடங்கலைங்கறதுகூட மூணு தடவையும் ஒண்ணாத்தான் இருக்கு.”

“ஆஸ்பத்திரியில ஊசி முடிஞ்ச பிறகு வீட்டுல மாத்திரை சாப்பிடச் சொன்னீங்களா?”

“ஆமா, பல வாரம். இந்தக் கிருமி லேசுல போகாது. முதல் தடவையும் சரி, ரெண்டாவது தடவையும் சரி, முழுசா முடிச்சாச்சுன்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சொன்னாங்க. அதனாலதான் வெளியிலிருந்து திரும்பத் திரும்ப வருதோன்னு பயப்படறேன்.”

“நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் உங்களைக் கூப்பிடலாமா?”

போனை வைத்த ஜோவிதாவின் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை. “தெரிஞ்சிடுச்சா?” என்று கேட்ட ஜெர்சனிடம், “தெரிஞ்சிடுச்சு. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல,” என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்க்கட்டளை வீட்டின் ஹாலில் எல்லாரும் கூடினார்கள். எபி போய் ஜெரூஷாவை அழைத்து வந்திருந்தான். இருவரும் கதவோரமாகவே உட்கார்ந்தார்கள். பொன்னி உட்கார மாட்டேன் என்று நின்றார். டீச்சர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏசுதாசன் மட்டும், “கல்யாண வீடு மாதிரி இருக்கே, காபி போடலியா சாராள்?” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“முதல்ல பொன்னி,” என்றார் ஜோவிதா. “இந்தக் கிருமி ஆடு மாடோட வயித்துல குடியிருக்கறது. கடல் மீனுக்கும் அதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. டீச்சரும் அந்த மீனை நல்லா வேக வெச்சுத்தான் குடுத்திருக்காங்க. பொன்னி மேல துளியும் தப்பில்ல.”

“நான் அப்பவே சொன்னனே,” என்றார் பொன்னி. ஜெர்சன் பொன்னியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

“அடுத்தது பிரியாணி. அதை அண்ணா கண்ணாலகூடப் பாக்கல. பிரியாணி வர்றதுக்கு முந்தின நாளே அண்ணாவுக்குக் குளிர் வந்து, ஜெரூஷாகிட்ட போர்வை கேட்டிருக்காங்க. சரிதானே அண்ணா?”

ஏசுதாசன் யோசித்தார். “ஆமா. கேட்டேன். அந்த நீலப் போர்வை.”

“அப்போ மூணு தடவையும் யார்தான் கொண்டு வந்தாங்க?” என்றான் எபி.

“மூணு தடவை யாரும் கொண்டு வரல. நாம எல்லாருமே ஒவ்வொரு காய்ச்சலுக்கும் முந்தின நாள் என்ன நடந்ததுன்னு தேடிக்கிட்டிருந்தோம். தப்பு அங்கதான். எப்பவோ ஒருத்தருக்கு வர்ற கிருமி இது. ஒரே ஆளுக்கு, ஒரே வருஷத்துல, மூணு வேற வேற சாப்பாட்டுல, அதே குணத்தோட வருமா? கிருமி வந்தது ஒரே ஒரு தடவை. வந்தது அண்ணா உடம்பை விட்டுப் போகவே இல்ல. கொஞ்ச நாள் ஒளிஞ்சிருந்துட்டு மறுபடி மறுபடி தலையைக் காட்டுது.”

ஜோவிதா டீச்சர் பக்கம் திரும்பி, குரலை இன்னும் தணித்துக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், சமையலறையில தொங்குதே குடைக் கம்பி, அது எதுக்கு?”

“அதுவா? அது சுவரொட்டி சுடறதுக்கு.” டீச்சர் சாதாரணமாகத்தான் சொன்னார். “ஆட்டு மண்ணீரல். போன வருஷம் இவருக்கு ரத்தம் குறைஞ்சுபோச்சு இல்லையா, அப்போ ஞாயித்துக்கிழமை தவறாம வாங்கிட்டு வந்து, கம்பியில குத்தி, அடுப்புல வாட்டிக் குடுத்தேன். ரத்தம் ஊறும்னு எங்க அம்மா காலத்துலேர்ந்து குடுக்கறதுதானே.”

“உள்ள நல்லா வெந்திருக்குமா?”

“ரொம்ப வேக வைக்கக் கூடாது. மேலே வாட்டினா போதும், உள்ளே சிவப்பா இருக்கணும். வெந்துட்டா சத்து போயிடும்.” சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் முகம் மாறியது.

“வேகாத கறி சாப்பிட்டாரான்னு டாக்டர் கேட்டப்போ இதை ஏன் சொல்லல?”

“அது கறி இல்லையே ஜோவிதா,” என்றார் டீச்சர். “அது மருந்து. கறின்னு எனக்குத் தோணவே இல்லையே.”

“எங்க வீட்டுலயும் யாருக்கும் தோணியிருக்காது டீச்சர். நல்ல உடம்புக்காரங்க சாப்பிட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்ல. அண்ணா உடம்புல தடுக்க ஆளில்ல, அதனால கிருமி உள்ள நுழைஞ்சிடுச்சு. இதுதான் வழின்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியல.”

ஜெர்சனால் பொறுக்க முடியவில்லை. “சரி ஜோ, வந்தது வந்துடுச்சு. மருந்து குடுத்தாங்களே, ஏன் போகல?”

ஜோவிதா கைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தார். ஜெர்சன் தன் மடியைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“டாக்டர் பல வாரம் சாப்பிடச் சொன்ன மாத்திரை, முகாமுக்குக் குடுத்த பையில இருந்துச்சு. முழுசா சாப்பிட்டு முடிச்சிருந்தா மீதி இருக்க வழியே இல்ல.”

யாரும் வாய் திறக்கும் முன்னால் ஏசுதாசன், “நான்தான் நிறுத்தினேன்,” என்றார். “வாய் கசந்துச்சு. சாராளுக்குத் தெரியாம நிறுத்திட்டேன். டாக்டர்கிட்டயும் முடிச்சாச்சுன்னு பொய் சொன்னேன். என்னைத் திட்டுங்க.”

ஜோவிதா அட்டைகளை அவர் பக்கம் நகர்த்தினார். “இதுல நீங்க நிறுத்தின மாத்திரை எது அண்ணா?”

ஏசுதாசன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் துணிந்து ஒன்றைத் தொட்டார்.

“அது நெஞ்செரிச்சலுக்கு,” என்றார் ஜோவிதா.

எபிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டீச்சர் எழுந்து நின்றார். வகுப்பில் பதில் சொல்ல எழுகிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

“நான்தான். காய்ச்சல் விட்டுச்சு, ரத்தம் பார்த்தா, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற க்ரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்துச்சு. இந்த மாதிரி மாத்திரையெல்லாம் கிட்னியை அடிச்சிடும்னு வாட்ஸ்அப் குரூப்ல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பயந்துட்டேன். காய்ச்சல்தான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு விஷம் மாதிரி இதைக் குடுக்கணும்னு நிறுத்திட்டேன். ரெண்டு தடவையும். டாக்டர் திட்டுவாங்கன்னு இவரையும் முடிச்சாச்சுன்னு சொல்லச் சொன்னேன். இந்தத் தடவையும் நாளைக்கு நிறுத்தறதா இருந்தேன்.” அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. “நானே குடுத்து, நானே கொல்லப் பார்த்திருக்கேனே!”

“சும்மா இரு சாராள்,” என்று ஏசுதாசன் அதட்டினார். அந்த வீட்டில் அவர் அதட்டி யாரும் கேட்டதில்லை.

ஜோவிதா டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். எல்லாரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டீச்சர்,” என்றார் டாக்டர் ஸ்ரீவித்யா கடைசியில், “கிட்னியைக் காப்பாத்தறேன்னு கிருமியைக் காப்பாத்தியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்குக் கோவமாத்தான் இருக்கு.”

“கோவப்படுங்க டாக்டர்.”

“ஆனா கோவத்தைவிட நிம்மதிதான் பெருசா இருக்கு. புதுசு புதுசா வருதுன்னா அதைத் தடுக்க எங்கிட்ட வழியே இல்ல. பழசே ஒளிஞ்சிருக்குன்னா வழி இருக்கு. எங்கயாவது ரத்தக்குழாயில, இதயத்துல தங்கியிருக்கான்னு ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம். அப்புறம் மருந்தை முழுசா, நான் சொல்ற வரைக்கும் குடுக்கணும். க்ரியாட்டினினை நான் பார்த்துக்கறேன், அது என் கவலை. எதிர்ப்புச் சக்தியை அடக்கற மாத்திரையில இப்போ கை வைக்க வேண்டாம்.”

“அப்போ கிட்னி…” என்று டீச்சர் ஆரம்பித்தார்.

“கிட்னி நல்லா இருக்கு. அதை இருக்க விடுங்க, போதும்.”

ஜெர்சன் சத்தமாக மூச்சு விட்டார். அவர் மட்டுமல்ல, ஹாலில் எல்லாருமே அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள் போலிருந்தது.

டீச்சர் ஜெரூஷாவிடம் போனார். என்ன சொல்வது என்று தெரியாமல் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அத்தை, விடுங்க. மாமா பிழைச்சாங்களே, அது போதும்,” என்று ஜெரூஷா சொன்னதும் இருவரும் அழுதார்கள். அப்புறம் டீச்சர் பொன்னியைப் பார்த்தார்.

“உன் பொழைப்பைக் கெடுத்துட்டேன் பொன்னி. தெருவுல ஒவ்வொரு வீடாப் போய் நானே சொல்றேன்.”

“வூடு வூடா நீ ஏன் டீச்சரம்மா அலையற?” என்றார் பொன்னி. “நாளைக்கு வாசல்ல நின்னு சத்தமா பேரம் பேசி வாங்கு, போதும். தெருவே வந்துரும்.”

*

ஸ்கேனில் எங்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஏசுதாசன் மாத்திரையை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். மருந்து நின்ற பின்னும் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் ஜோவிதாவின் கணக்கு சரி. அந்த வாரங்களில் போன் அடித்தால் ஜோவிதாவுக்குத் திக்கென்றது. தன்னுடைய யூகம் தவறாக இருந்து, அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெர்சன்கூட யார் மீதும் சந்தேகப்படாமல் அடங்கிக் கிடந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் டீச்சரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அழுகைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. விம்மி விம்மி, பேச்சே இல்லாத அழுகை. ஜோவிதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “என்ன ஜோ, என்ன?” என்று ஜெர்சன் ஓடிவந்தார்.

போன் கைமாறியது. “பயப்படாதீங்கம்மா, நான்தான் ஏசுதாசன். மருந்து நிறுத்தினப்புறம் எடுத்த ரத்தத்துல கிருமி இல்லையாம். கிட்னி ஜோரா வேலை செய்யுதாம். டாக்டர் இப்பத்தான் சொன்னாங்க. ஆபரேஷன் அன்னிக்குக்கூட ஒரு சொட்டு அழாதவ, இப்போ ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து ஊரையே திரும்பிப் பாக்க வைக்கறா. நிறுத்தச் சொன்னா கேக்க மாட்டேங்கறா. நீங்களாவது சொல்லுங்க.”

ஜோவிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெர்சனைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து “ஸ்தோத்திரம்” என்றார்.

“டீச்சர்கிட்ட குடுங்க அண்ணா,” என்றார் ஜோவிதா. விம்மல் மறுபடி காதருகே வந்தது. “டீச்சர், நான்தான். நல்லா அழுங்க. அழுது முடிக்கற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்.”